எந்தப் பிள்ளையும் விழாது, மேடம்

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். எதிரே நான், இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்தபடி நின்றேன். மொட்டைமாடியில் ஆறு குடித்தனங்களின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று வரும்போதெல்லாம் யாருடைய கம்பெனிச் சட்டையோ எங்களுக்கு நடுவே வந்து கை நீட்டிவிட்டுப் போயிற்று.

ஜூஜுவாடியில் வெயிலுக்கும் டீசல் வாசனை உண்டு. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் கர்நாடகத்துக்குள் நுழைய மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. நானும் அப்படித்தான் நின்றேன்.

"பாரக்கா, நான் இப்ப ஹெச்.எம். மேடம். என்னப் பாத்து சிரிக்கக் கூடாது" என்றாள் மஞ்சுளா.

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. பதினெட்டு வருடம் உழைத்த தொழிற்சாலையின் கேட் எனக்குப் பின்னால் மூடிக்கொண்டதைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். இது அதற்கு அடுத்து வந்த கோடை. மூன்று கம்பெனி வாசல்களில் செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருந்தார். விண்ணப்பத்தைக் கையில் வாங்கவில்லை. முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லையாம். நாற்பத்தாறு வயதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நான் நடப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நரைத்த தலை குற்றமில்லை என்று சொன்ன ஒரே இடம், இரண்டு தெரு தள்ளியிருந்த சின்னப் பள்ளிக்கூடம். எல்.கே.ஜி. வகுப்புக்கு ஹெல்பர் வேண்டும் என்று கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக, மூக்கு துடைக்க, ஊட்ட, அழுகிறவர்களைத் தூக்கி வைத்துக்கொள்ள. என் மகள் கிருஷ்ணகிரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இறந்த பிறகு வீட்டுக்குள் வந்தது என் ஒருத்தியின் சம்பளம்தான். இந்த வேலையும் கிடைக்காமல் போனால் அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கம்பெனி லைனில் வேலைக்குப் போவாள். அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் தோழிகளிடம் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் மொட்டைமாடி. அதனால்தான் மஞ்சுளா.

மஞ்சுளா என்னோடு அதே தொழிற்சாலையில் இருந்தவள். என் லைனுக்கு அவள்தான் லீடர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், சூப்பர்வைசரோடு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்குவதில் எங்கள் தொழிற்பேட்டையில் அவளுக்கு நிகர் கிடையாது.

"சொல்லுங்க பார்வதி. ஒரு பிள்ள கீழ விழுந்துட்டா என்ன செய்வீங்க?"

தூக்குவேன், அடிபட்ட இடத்தைக் கழுவுவேன், டீச்சரிடம் சொல்வேன் என்றேன்.

மஞ்சுளா உதட்டைப் பிதுக்கினாள். "போச்சு. மூணு தப்பு. விழும்னு நீயே ஒத்துக்கிட்ட. அடிபடும்னு ஒத்துக்கிட்ட. அப்புறம் போயி வேற சொல்றன்ற. எதுக்குக்கா உன்ன எடுப்பாங்க?"

வேறென்ன சொல்வது என்றேன்.

"என் கண்ணு முன்னாடி எந்தப் பிள்ளையும் விழாது மேடம். அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் தொறக்காத."

ஆடிட் பாடம்

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிந்த நேர்காணல் ஒன்றே ஒன்றுதான்.

நாங்கள் வண்டிகளுக்கான வயர்க் கட்டுகள் செய்துகொண்டிருந்தோம். வருடத்துக்கு ஓரிரு முறை, எங்கள் சரக்கை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் வேலைக்கூடமே மாறிவிடும். நடைபாதையின் மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயிண்ட் வரும். கழிப்பறையில் சோப்பு முளைக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் குடிவரும். அந்த ஒரு வாரம் தொழிற்சாலைக்குள் கல்யாண வீட்டு வாசனை அடிக்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இருக்க மாட்டார்கள்.

டீ நேரம் முடிந்ததும் எங்களைத் தரையில் உட்காரவைத்து மஞ்சுளா பாடம் நடத்துவாள். கேள்வி அவளுடையது, பதில் எங்களுடையது. மாஸ்க் போடறீங்களா? தினமும் போடறோம். ஓவர்டைம் கட்டாயமா? இல்லீங்க, விருப்பப்பட்டாத்தான். எப்போதாவது என்ற வார்த்தையே வரக் கூடாது. பதில் சொல்லும்போது சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கக் கூடாது. கேட்டதற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது.

"அவங்களுக்கு நம்ம கதை வேண்டாண்டி. ஒரு டிக்குதான் வேணும். டிக்க குடுத்துட்டு வாங்க" என்பாள்.

கொடுத்தோம். பதினெட்டு வருடம் டிக் கொடுத்தோம். வாய் அதற்கென்றே ஒரு தடம் போட்டுக்கொண்டது. கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தாலே, ஒன்றும் நடக்கவில்லை என்ற பதில் அந்தத் தடத்தில் உருண்டு வந்து நிற்கும். மகள் சிறுவயதில், சாப்பிட்டாயா அம்மா என்று கேட்கும்போதுகூட, சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்றுதான் வந்தது.

நான்கு தண்ணீர்

நேர்காணலுக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தின் வேலியோரமாகக் காலையிலும் மாலையிலும் நடந்தேன். அந்த நேரத்தில் உள்ளே என்ன சத்தம் வருகிறது என்று கேட்டேன். தொழிற்சாலையின் சத்தம் ஒரே நேர்கோடு. இது அப்படியில்லை. தூறல் மாதிரி, திடீரென்று வலுத்து, காரணமில்லாமல் நின்றுபோகிற சத்தம்.

நகங்களை வெட்டினேன். தலைக்குச் சாயம் பூசலாமா என்று மஞ்சுளாவோடு ஒரு மாலை முழுக்க வாதம். நரைக்குத்தானே இங்கே மதிப்பு என்று கடைசியில் விட்டுவிட்டோம். எந்தப் புடவை என்பதில் வாதமில்லை. பின் குத்தாமல் நிற்கும் பருத்திப் புடவை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குழந்தையின் கன்னத்தில் பின் கிழித்துவிடும் என்று மஞ்சுளாதான் சொன்னாள். அவளுக்கு இப்படிச் சில நல்ல யோசனைகளும் உண்டு.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பழகினேன். நின்றே வேலை பார்த்த முழங்கால்கள். முதல் நாள் மடங்கவே மறுத்தன. மூன்றாம் நாள் முனகிக்கொண்டே மடங்கின.

இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மொழியை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. தண்ணீர் கேட்கும் குழந்தை நீரு என்று கேட்கும், நீள்ளு என்று கேட்கும், பானி என்று கேட்கும். நம் பிள்ளை தண்ணி என்று அழும். தெலுங்கு எனக்குக் காதளவில் இருந்தது. கன்னடத்தை மஞ்சுளா சொல்லிக்கொடுத்தாள். இந்தியை, கீழ்வீட்டில் குடியிருந்த பிகார்க்காரப் பெண்ணிடம் வாசலில் நின்று கேட்டு வாங்கினேன். வலிக்கிறதா, பசிக்கிறதா, அம்மா வருவாள், அழாதே. இந்த நான்கையும் நான்கு மொழியில் சொல்லிப் பார்த்தபடி பாத்திரம் கழுவினேன். எந்த மொழியில் சொன்னாலும் அழாதே என்பதற்குக் குரல் தானாகவே தாழ்ந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. குழந்தைகளுடன் பணியாற்றிய அனுபவம். இல்லை என்று எழுதினேன். மஞ்சுளா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாம் பழகிவிட்டது, அந்த ஒரு பதிலைத் தவிர. ஒவ்வொரு மாலையும் வாளிமேல் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டாள். ஒவ்வொரு மாலையும் நான் தடுமாறினேன். நான்காம் நாள் அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"என்னக்கா, ஆடிட்ல அவ்ளோ பெரிய மேடத்துக்கிட்டயே கண்ணு சிமிட்டாம சொன்ன. இது என்ன பெரிசு?"

சொன்னபிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. வாளியிலிருந்து எழுந்து, காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினாள். அவளுடையது அல்லாத துணிகளையும் சேர்த்து எடுத்தாள்.

சுமதி

சுமதியைப் பற்றி இந்தத் தொடரில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தவிர்த்துக்கொண்டே வந்தேன். இனி முடியாது.

அவள் பாரூர்ப் பெண். இருபது வயதிருக்கும். ஏரி நிரம்பினால் கால்வாயில் தண்ணீர் எந்த நாள் எந்த வயலுக்குப் போகும் என்பதைப் பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொல்வாள். வயர் நுனியில் உலோகத்தைப் பொருத்தி அழுத்துகிற பிரஸ்ஸில் அவளுக்கு வேலை. எனக்கு வலப்பக்கத்து இடம். விரல் உள்ளே போகாமலிருக்க அந்த இயந்திரத்தின் முன்னால் ஒரு தடுப்பு உண்டு. எண்ணிக்கை குறைகிறது என்று அந்த மாதம் அதைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கத்தவில்லை. கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, ஏதோ கேட்கப்போகிறவள் போல என் பக்கம் திரும்பினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், நுனி இல்லை. என் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினேன். மஞ்சள் கோட்டின்மேல் சொட்டிய ரத்தத்தை யாரோ உடனே துடைத்துவிட்டார்கள்.

பத்து நாளில் ஆடிட். வெளிநாட்டு அம்மா ஒருவர் வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். என் முன்னால்தான் நின்றார்கள். இந்த லைனில் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார்கள்.

"இல்லீங்க மேடம்."

தடத்தில் உருண்டு வந்து நின்ற பதில். மொழிபெயர்த்த பெண் என்னை இரண்டு முறை பார்த்தாள். அந்த அம்மா டிக் போட்டார். அன்று மாலை எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. அடுத்த மாதம் சுமதியின் அப்பா கேட் வாசலில் நின்றிருந்தார். கரும்பு வெட்டும்போது ஊரில் நேர்ந்த காயம் என்று கம்பெனி எழுதிவிட்டதாம். பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நஷ்டஈட்டுக்கு அது போதுமாம். ஷிஃப்ட் முடிந்து வந்த எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"நீங்கதானம்மா பாப்பா பக்கத்துல இருந்தீங்க?"

நான் பார்க்கவில்லை என்றேன். வேறு பக்கம் திரும்பியிருந்தேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். சுமதி அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. நான் அவளைத் தேடிப் போகவும் இல்லை. எனக்கும் வேலை போய்விடும் என்ற பயம் உண்மையானது. அந்தப் பயத்தை இன்றும் நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் அந்தச் சரிங்கம்மா என்னோடேயே குடியிருக்கிறது.

ஒரு மணி நேரம்

நேர்காணல் அன்று பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் அறையில் ஃபினாயில் வாசனையும் கிரேயான் வாசனையும் கலந்திருந்தன. ஹெச்.எம். மேடம் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு என் விண்ணப்பத்தைப் படித்தார். எங்கே வேலை பார்த்தேன், வீட்டில் யார் யார், முழங்கால் வலி உண்டா என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியில்தான் அது வந்தது.

"ஒரு குழந்தை விழுந்துடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

ஆறு நாள் தடுமாறிய வாய் அன்று தடுமாறவில்லை.

"என் கண்ணு முன்னாடி எந்தப் பிள்ளையும் விழாது, மேடம்."

மேடம் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"நாலு வயசுப் பிள்ளைங்க இருபத்தாறு பேர் இருக்காங்கம்மா. நாளுக்கு ரெண்டு பேராவது விழுவாங்க. விழ மாட்டாங்கன்னு சொல்றவங்கள நான் எப்படி உள்ள விடறது?"

எழுந்துகொள்ளவா என்று யோசித்தேன். மகள் கம்பெனி கம்பெனியாக விசாரித்துக்கொண்டிருப்பது கண்முன் வந்தது. மேடம் மணியைப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லோரையும் ஒரு மணி நேரம் வகுப்பில் உட்காரவைத்துப் பார்ப்பது வழக்கமாம். வந்ததற்கு அதையும் முடித்துவிட்டுப் போங்கள் என்றார். முடிவு சொல்லியாகிவிட்டது என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

வகுப்பு. இருபத்தாறு சின்ன நாற்காலிகள். டீச்சர் பலகையில் ஓர் ஆட்டை வரைந்துகொண்டிருந்தார். நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் முனகியது, மடங்கியது. இரண்டு நிமிடத்தில் ஒரு பையன் நீரு என்றான், கொடுத்தேன். அதைப் பார்த்து மற்றொருவன் பானி என்றான், கொடுத்தேன். மூன்றாவதாக ஒரு சின்னவன் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். கால்சட்டைப் பட்டி பின்னால் முறுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத் திரும்பினேன்.

முதுகுக்குப் பின்னால் தொப் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அழுகை.

ஹாசினி என்று பெயர், மடியில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. நாற்காலிமேல் ஏறி நின்று ஆட்டைத் தொடப் பார்த்திருக்கிறாள். கீழுதடு கிழிந்து வாய் முழுக்க ரத்தம். எவ்வளவு சின்ன வாய், அதில் எவ்வளவு ரத்தம். புடவை முந்தானையை நனைத்து உதட்டில் அழுத்திப் பிடித்தேன். தெலுங்கில் அழாதே என்றேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். டீச்சர் ஐஸ் எடுக்க ஓடினார். சத்தம் கேட்டு மேடம் வாசலில் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு?"

வாயில் அந்தப் பதில் தயாராக இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிகிறது, இப்போதும். ஒண்ணும் இல்லீங்க மேடம், லேசா இடிச்சுக்கிட்டா. உருண்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மடியில் இருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துட்டா மேடம். நான் பக்கத்துலதான் இருந்தேன். ஆனா பாக்கல. திரும்பி இருந்தேன்."

எனக்கே கூசியது. அன்று சுமதியின் அப்பாவிடம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்ன அதே வார்த்தைகள். இன்று அவை உண்மையாக இருந்தன.

மேடம் குனிந்து குழந்தையின் உதட்டை விலக்கிப் பார்த்தார். பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தையல் வேண்டியதில்லை என்றார். பிறகு ஹாசினியின் பையிலிருந்து டைரியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சொன்னத அப்படியே இதுல எழுதுங்க."

எழுதினேன். தொழிற்சாலையில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை. ஹாசினி இன்று நாற்காலியிலிருந்து விழுந்தாள். கீழுதட்டில் காயம். நான் அருகில் இருந்தும் கவனிக்கவில்லை. பார்வதி. மூன்று வரிக்கு வெகுநேரம் ஆயிற்று.

மேடம் படித்தார். "அவங்கம்மா மூணரைக்கு வருவாங்க. போன்ல சொல்லிடறேன். வந்ததும் நீங்களே பேசுங்க" என்றார்.

ஒரு மணி நேரம் என்றது அப்படி ஐந்து மணி நேரமாயிற்று. நடுவில் பதினோரு பேரைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். ஹாசினிக்கு மோர்சாதத்தைக் காயத்தில் படாமல் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினேன். வேலை கிடைக்குமா என்ற நினைப்பு எப்போதோ எங்கோ போயிருந்தது. மூன்றரை வந்துவிடுமே என்பது மட்டும்தான் இருந்தது.

மூன்றரை

ஹாசினியின் அம்மா ஸ்கூட்டியில் வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முதல் ஷிஃப்ட்டின் களைப்பு. இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். வீங்கியிருந்தது.

நான் சொன்னேன். முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல். பட்டி முறுக்கிய பையனைச் சொன்னேன், நான் திரும்பியதைச் சொன்னேன், சத்தம் கேட்டதைச் சொன்னேன். கேட்டதற்கு மேலும் சொன்னேன்.

அவள் டைரியை வாங்கிப் படித்தாள். மூன்று வரியைப் படிக்க அவளுக்கும் நேரமாயிற்று.

"நீங்க பாத்திருக்கணும்" என்றாள்.

"ஆமாங்க. பாத்திருக்கணும்."

அவள் முகத்தில் ஏதோ ஏறி இறங்கியது. திட்டத் தயாராக வந்தவளுக்கு அதற்கான பிடி கிடைக்கவில்லை போல. டைரியை மூடிப் பைக்குள் வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்தாள்.

"நாளைக்கும் நீங்கதான் இருப்பீங்களா?"

அதைக் கோபத்தில் கேட்டாளா, வேறெதிலாவது கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி ஆபீஸ் அறை வாசலைப் பார்த்தேன். மேடம் அங்கே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இருப்பாங்க" என்றார் அவளிடம். பிறகு என்னிடம், "எட்டே காலுக்கு வந்துடணும், பார்வதி."

பின்னால் வேன் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. குறுகலான சந்து. ஸ்கூட்டியை நகர்த்தித் திருப்பியாக வேண்டும். அவள் ஹாசினியை இடுப்பிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"கொஞ்சம் புடிங்கக்கா. வண்டியத் திருப்பிட்டு வந்துடறேன்."

வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பி வரும்வரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.